பேதுருவின் மாமியார்

எங்கள் மணப்பாட்டில் கடலும் கோயிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் இந்தக் கரையில்தான். எங்கள் பரதவ முன்னோர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஃபைபர் வள்ளத்தில் தொழில் செய்கிறார். எண்ணெய்க் காசு, ஐஸ் காசு கழித்துப் பங்கு பிரித்தால் சில நாள் குழம்புக்கு மட்டும்தான் மிஞ்சும். அப்படி வரும் நாளில் வாசலிலேயே சொல்வார்: “ஏளா, பேதுருவுக்கு ராவெல்லாம் வலை வீசியும் ஒண்ணுமே கிடைக்கல. எனக்கு நாலு சாளை கிடைச்சிருக்கு!”

“அவருக்கு மாமியாரும் இருந்தாங்க. எங்கம்மாவுக்கு ரெண்டு சாளை குடுத்தனுப்புங்க” என்பேன். இருவரும் சிரிப்போம்.

பேதுரு கல்யாணமானவர். அவருடைய மாமியாரின் காய்ச்சலை இயேசு குணமாக்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வலை, குடும்பம், நோயாளி எல்லாம் உள்ள ஒரு மீனவர் வீட்டுக்குள் ஆண்டவர் நுழைந்திருக்கிறார்! கானாவூர்க் கல்யாணத்துக்கும் போயிருக்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டாம்.

உயிர்த்த இயேசு கரையில் அப்பமும் மீனும் வைத்துக் காத்திருந்ததை யோவான் சொல்கிறார். அன்று வலையில் 153 பெரிய மீன்கள்.

“எண்ணினது யாராம்?” என்று கேட்டேன்.

“பங்கு பிரிக்கணும்னா எண்ணாம முடியுமா?” என்றார் இவர்.