நிழல் தொலையும் நண்பகல்

கரையோரக் கட்டடங்கள் – 11

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களோடு சென்ற வாரம் முடிந்தது. கட்டடமும் நிலமும் சேர்ந்து விழும் படத்துக்குக் கலரா, கறுப்பு-வெள்ளையா என்ற வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. முன்கதை வேண்டுவோர் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியை நோக்கிப் போகிற வழியில் உப்பூர். இங்கே பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் வெயிலுகந்த விநாயகரைத் தேடி வருபவர்கள். இலங்கைக்குப் புறப்பட்ட ராமர் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் தேவிபட்டினம் போனார் என்பது தலபுராணம். பிள்ளையாருக்கு மேலே கூரை கிடையாது; வெயிலும் மழையும் நேராக அவர் தலையில் இறங்கும். கருவறையைப் படமெடுக்க யாரும் விடப்போவதில்லை, விடவும் கூடாது. படம் இருப்பது வெளியே: தட்டை நிலம், பனை, சீமைக்கருவேலம், நடுவே கோயில், மீதியெல்லாம் வானம்.

உச்சி வெயிலில் எடுத்த படம் கலரில் வெளுத்துப் போனால் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றிவிடு என்பது போட்டோக்காரர்களின் பாலபாடம். வெளிச்சம் முரடாக இருந்தால் முரட்டுக் கறுப்பும் முரட்டு வெள்ளையும் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது அதன் நியாயம். பெரும்பாலான ஊர்களில், பெரும்பாலான நாட்களில் அது சரிதான். உப்பூரில் ஆண்டுக்கு இரண்டு நண்பகல்களில் அந்தப் பாடம் செல்லாது.

கணக்கு எளிது. உப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை டிகிரியைச் சற்றே தாண்டியிருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறையும், திரும்பி வரும்போது ஒருமுறையும் இந்த ஊரின் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். முதல் முறை ஏப்ரல் 14, 15 வாக்கில். அதாவது சித்திரைப் பிறப்பு. இரண்டாவது ஆகஸ்ட் 28-ஐ ஒட்டி, ஆவணியின் இரண்டாம் வாரத்தில். அறிவியல் இயக்கத்தார் பள்ளிக்கூட மைதானங்களில் குச்சி நட்டு, ‘நிழலில்லா நாள்’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது இதைத்தான். நம் கடிகாரம் மிர்சாபூர் பக்கம் ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. உப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சி வேளை பன்னிரண்டேகால் மணிக்குத்தான். அந்தச் சில நிமிடங்கள் கொடிமரம், தூண், ஆள் எதற்கும் பக்கவாட்டில் நிழல் கிடையாது. கூரையில்லாத கருவறைக்குள் வெயில் சுவரில் படாமல் செங்குத்தாக இறங்கும்.

இந்த நண்பகல் ஊர் ஊராக நடக்கவும் செய்கிறது. ஏப்ரலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே நகரும். ராமேஸ்வரத்தில் ஒரு நாள், உப்பூரில் மறுநாள், பத்து நாள் கழித்துச் சென்னையில். ஆகஸ்டில் அதே பாதையில் தெற்கே இறங்கும்.

விநாயகர் சதுர்த்தி 2025-ல் ஆகஸ்ட் 27 அன்று வந்தது. வெயிலை விரும்பிய பிள்ளையாருக்குத் திருவிழா, உச்சியில் சூரியன். முன்னோர் எல்லாவற்றையும் கணித்துத்தான் வைத்தார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் கிளம்புவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சதுர்த்தி திதியைப் பார்த்து வருவது, சூரியனின் உயரத்தைப் பார்த்து வருவதல்ல. 2026-ல் அது செப்டம்பர் 14-க்குப் போய்விடுகிறது; அதற்குள் சூரியன் தெற்கே பல டிகிரி இறங்கியிருக்கும். இரண்டும் சில ஆண்டுகளில் சேரும், பல ஆண்டுகளில் சேராது. சேர்ந்த ஆண்டில் சந்தோஷப்பட்டுக்கொள்ளத் தடையில்லை.

சரி, காமிராவுக்கு இதில் என்ன? சினிமாக்காரர்கள் ‘டாப் லைட்’ என்று முகம் சுளிப்பார்களே, அதன் உச்சக்கட்டம் இது. நேர் மேலிருந்து வரும் வெளிச்சம் செங்குத்தான சுவரை உரசிக்கொண்டே கீழே போகிறது. பிதுங்கி நிற்கும் கொடுங்கைக்கு அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை விழும். மற்றபடி மதிலுக்கும் மண்ணுக்கும் இடையே கிடந்து, கட்டடத்தைத் தரையோடு கட்டிப்போட்டிருந்த நிழல் காணாமல் போகும். கறுப்பு-வெள்ளை நிழலை வைத்துப் பிழைப்பது. நிழல் போனால் கோயிலும் நிலமும் ஒரே சாம்பலில் கரைந்துவிடும். அந்த நேரத்தில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்ட மிஞ்சியிருப்பது நிறம் மட்டுமே. சுவரின் காவிப்பட்டை, பனையோலையின் பச்சை, வானத்தின் நீலம். வெளுத்திருந்தாலும் அவை வேறு வேறாகத்தான் இருக்கும். ஆகவே நிழலில்லா நண்பகலில் கலர்.

மார்கழியில் எல்லாம் தலைகீழ். அப்போது நண்பகலிலும் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். பத்தடிச் சுவருக்கு வடக்கே ஆறரை அடி நிழல் கிடக்கும். பகல் முழுவதும் கறுப்பு-வெள்ளைக்கு வேலை உண்டு. டிசம்பரில் மேகம் விலகிய நாளில் இந்தக் கரைக்கு வருபவர்கள் கலரைப் பற்றிக் கவலைப்படாமல் படமெடுக்கலாம்.

மேகம் என்றதும் கேப்டன் லின்னேயஸ் டிரைப்பைச் சொல்லாமல் நகர முடியாது. சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக 1857-58-ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று மாட்டுவண்டியில் சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவரே. அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல ஒளிதான் கண்ணில் படும். சிவப்புக்கு அது ஏறக்குறையக் குருடு. நீல வானம் நெகட்டிவில் அடர்ந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். எவ்வளவு மேகம் இருந்தாலும் படத்தில் வராது. டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டினால் பிரிண்டில் வெள்ளையாக விழும். காற்றில் அசைந்து கலங்கிப்போன மர இலைகளையும் அப்படியே தீட்டிச் சரிசெய்தார். ஸ்டுடியோக்களில் பென்சிலை வைத்துக்கொண்டு நெகட்டிவ் டச்சிங் செய்த அண்ணன்மார்களுக்கு அவர் முப்பாட்டன். ஆளுநர் டிரெவெல்யன் 1859-ல் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்தப் பணியையே முடித்து வைத்தது தனிக்கதை.

டிரைப்பின் தாள் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்துகிறது. பழைய கறுப்பு-வெள்ளைப் படம் நிறத்தைத் துறந்த படம் அல்ல. எந்த நிறத்தை வெளுப்பது, எதைக் கறுப்பது என்று ரசாயனம் முடிவு செய்த படம். கோயில் மதிலின் காவிப்பட்டை அதில் கன்னங்கரேலென்று வந்திருக்கும், சுண்ணாம்புப் பட்டை பளீரென்று. நேரில் பார்த்தவர்களின் கண்ணுக்கு அவ்வளவு வேறுபாடு இருந்திருக்காது. 1873-ல் ஜெர்மனியின் ஹெர்மான் ஃபோகல் சாயம் சேர்த்து ரசாயனத்துக்குப் பச்சையையும் காட்டினார். சிவப்பையும் பார்க்கும் பிளேட்டுகள் 1906-ல் கடைக்கு வந்தன. இன்று அந்த முடிவு கைபேசித் திரையில் விரலால் நகர்த்தும் கோட்டுக்கு வந்துவிட்டது. நீலத்தை இறக்கினால் உப்பூர் வானம் கறுக்கும். சிவப்பை ஏற்றினால் காவி வெளுத்துச் சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். ஒரே பொத்தானை அமுக்கிக் கறுப்பு-வெள்ளை ஆக்குபவர்கள் இந்த முடிவை முன்பின் தெரியாத ஒரு புரோகிராமரிடம் விட்டுவிடுகிறார்கள்.

ராமேஸ்வரம் மூன்றாம் பிராகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1,212 தூண்கள், நான்கு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 3,850 அடி, பதினெட்டாம் நூற்றாண்டுச் சேதுபதிகளின் கட்டுமானம். 1880-களில் சென்னை நிக்கலஸ் கம்பெனி எடுத்த படத்தில் தூண் வரிசை தூரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஆழம்தான் படம். இன்று தூண்களிலும் விதானத்திலும் பெயின்ட் பளபளக்கிறது. கலரில் எடுத்தால் முதல் நான்கு தூண்களின் மஞ்சளும் பச்சையும் கண்ணைப் பிடித்து நிறுத்திவிடும், ஐந்தாவது தூணைத் தாண்ட விடாது. ஆழம் வேண்டுமென்றால் கறுப்பு-வெள்ளை. ஆனால் இன்றைக்கு அந்தக் கோயில் எப்படியிருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், பெயின்ட் பிடிக்கிறதோ இல்லையோ, கலர்தான் நேர்மை. அழகுக்காகப் பெயின்டை மறைத்துவிட்டு ‘பழமை மாறாத பிராகாரம்’ என்று தலைப்புப் போடுவது மோசடி.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் வாதமே இல்லை. சேதுபதி தஞ்சை மராட்டியரோடு பொருதும் போரும், ஐரோப்பியர் வந்து நிற்கும் தர்பாரும் சுவர் முழுக்கச் சிவப்பில் எழுதியிருக்கின்றன. அதைக் கறுப்பு-வெள்ளையில் எடுப்பவரிடமிருந்து காமிராவைப் பிடுங்கலாம். அரிச்சல்முனையிலும் அப்படியே. பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று மக்கள் பிரித்துச் சொல்வது அலையின் குணத்தை வைத்து. காமிராவுக்குத் துணை நிற்பது இரண்டின் நிறம். ஒன்றின் பச்சையும் மற்றதன் நீலமும் சாம்பலில் ஒரே அளவாக விழுந்துவிட்டால் இரு கடல் ஒரு கடலாகிவிடும்.

இந்த வாரம் பாம்பன் என்று அறிவித்திருந்தது. நிழல் கணக்கு இடத்தைத் தின்றுவிட்டது. 1914-ல் திறந்து 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோன பழைய பாலமும், நடுப்பகுதியைச் செங்குத்தாகத் தூக்குகிற, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் இரும்பு, இரண்டுக்கும் பின்னால் ஒரே கடல், ஆனால் ஒரே சட்டகத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறமா, கோடா? அது அடுத்த வாரம். தனுஷ்கோடி தேவாலயம் அதற்கும் அடுத்த வாரம். ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.