பிளாஸ்டிக்கில் தொடங்கிய பிக்சார்

1995 நவம்பரில் பிக்சார் நிறுவனத்தின் ‘டாய் ஸ்டோரி’ வெளியானது. முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படம். பொம்மைகளை நாயகர்களாக்கியதில் ஒரு சாமர்த்தியமும் இருந்தது. அன்றைய கணினி எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் போலத்தான் பளபளக்கும். சரி, பிளாஸ்டிக்கையே கதையாக்கிவிட்டால் போயிற்று! அந்தப் படத்தில் மனிதர்கள் வரும் காட்சிகளை இன்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் அதைவிட மோசம்.

கதையும் லேசில் அமைந்துவிடவில்லை. 1993 நவம்பரில், படத்துக்குப் பணம் போட்ட டிஸ்னிக்குப் போட்டுக்காட்டிய ஆரம்ப வடிவத்தில் நாயகப் பொம்மையான வுடி எல்லோரையும் ஏசிக்கொண்டே திரியும் சிடுமூஞ்சி. டிஸ்னி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இயக்குநர் ஜான் லாசெட்டரும் குழுவினரும் திரைக்கதையைப் பிரித்துப்போட்டு, வுடியை மறுபடி எழுதினார்கள்.

அதற்குப் பிறகு, கணினிக்கு வராத வேலையாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். எறும்புகளின் கதையான ‘எ பக்ஸ் லைஃப்’ (1998) படத்துக்காக, லெகோ சக்கரங்களில் குட்டி கேமரா ஒன்றைப் பொருத்திப் புல்லுக்குள் இழுத்துப் பார்த்தார்கள். எறும்பின் உயரத்திலிருந்து பார்த்தால் இலைகள் வெயிலை ஊடுருவவிட்டு ஒளிர்கின்றன. படத்தின் நிறமே அதிலிருந்து வந்தது.

‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ (2001) படத்தின் நாயக அரக்கன் சல்லிக்கு உடம்பெங்கும் ரோமம். 23 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு முடியையும் கையால் அசைப்பது ஆகிற காரியமா? அனிமேட்டர் உடலை மட்டும் நடிக்கவைப்பார்; சல்லி திரும்பினால் ரோமம் எந்தப் பக்கம் சாயும், நின்றால் எப்படி அடங்கும் என்பதை இயற்பியல் விதிப்படி மென்பொருள் கணக்கிடும். அதோடு தீரவில்லை. ஒரு முடியின் நிழல் அடுத்த முடிமேல் விழாவிட்டால் ரோமம் பஞ்சாக வெளிறிவிடும். இந்த மெல்லிய நிழல்களுக்கென்றே டாம் லோகோவிச்சும் எரிக் வீச்சும் ஒரு கணக்கீட்டு முறையை உருவாக்கி, 2000இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். போட்டி நிறுவனங்களும் படிக்கும்படி வெளியிட்டதுதான் ஆச்சரியம்.

‘ஃபைண்டிங் நீமோ’வில் (2003) தொல்லை தலைகீழானது. சோதனைக்காகச் செய்த கடல், நிஜக் கடலாகவே தெரிந்தது. அதற்குள் கார்ட்டூன் மீன் பொருந்தாதே! தத்ரூபத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள்.

அடுத்த ஆண்டு ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’. முழுக்க மனிதர்கள்; ஒதுக்கிவைத்த கடனெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. கதையில் வரும் வயலட் என்ற பெண்ணின் நீளமுடி தொழில்நுட்பக் குழுவைத் தயாரிப்பின் இறுதிக்கட்டம் வரை படுத்தி எடுத்தது. வெட்டிவிடலாமே என்றால், அதற்குப் பின்னால்தான் அந்தக் கூச்சக்காரப் பெண் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். இயக்குநர் பிராட் பேர்ட் இறங்கிவரவில்லை. முடி நீளமாகவே இருந்தது.