பிக்கப் வாங்க முன் ஒரு கொப்பி வாங்குங்கள்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். பரந்தனில் அக்காவின் பெயரில் உள்ள காணியை ஈடு வைத்து ஒரு டபிள் கப் எடுப்பது அத்தானின் திட்டம். நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். 2010 இல் செட்டிக்குளம் முகாமிலிருந்து வெளியே வந்து, தொழில் தேடிக் கண்டிக்கு வந்தவன். எந்த வாகனம் நல்லது என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தார்கள்.

அத்தான் கண்டியில் கதிரையும் தகரப்பந்தலும் வாடகைக்கு விடுகிறார். இடைக்கிடை ஜெனரேட்டரை ட்ரெயிலரில் இழுத்துப் போக வேண்டும். இதுவரை எல்லாம் வாடகை லொறியில்தான்.

"மாதத்தில எத்தனை நாள் சாமான் ஏத்துறீங்கள் அத்தான்?" என்று கேட்டேன்.

"அது கன நாள் தம்பி" என்றார். எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஒரு கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். எந்த நாள், என்ன சுமை, எந்த ஊர், லொறிக்கு எவ்வளவு கொடுத்தது. மூன்று மாதம் எழுதச் சொன்னேன். எமது மக்களில் பலர் இன்று இதே கேள்வியோடு நிற்பதால், அவருக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறை. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. 20 பை ஏற்றினால் ஒரு தொன். 1,000 லீற்றர் தண்ணீரும் ஒரு தொன்தான். ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. அது நாலரைத் தொன் அளவில் வரும். ஹைலக்ஸ், டி-மெக்ஸ் போன்ற டபிள் கப்கள் ஏறக்குறைய ஒரு தொன் சுமக்கக் கட்டப்பட்டவை. அந்த ஒரு தொன்னுக்குள் ஏறி இருக்கும் ஆட்களின் நிறையும் அடங்கும். ஆகவே மணல் ஏற்ற நினைப்பவருக்கு டபிள் கப் சரிவராது. 200 பிளாஸ்டிக் கதிரைக்கு அது தேவையும் இல்லை. அவை எல்லாம் சேர்ந்து அரைத் தொன் அளவுதான், ஆனால் இடம் பிடிக்கும். பின் தட்டு நீளமான சிங்கிள் கப் அதற்கு வசதி. நகரத்துக்குள் மட்டும் ஓடுவதென்றால் நாங்கள் டிமோ பட்டா என்று சொல்லும் சின்ன லொறியே போதும்.

இரண்டாவது மலை. வன்னியில் உழவு இயந்திரப் பெட்டியில் எவ்வளவு ஏற்றினாலும் தரை சமம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே. ஏறும்போது இயந்திரம் திணறினால் நிறுத்தி ஆறவிடலாம். ஆபத்து இறங்கும்போதுதான். கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ சுமையோடு இறங்கும்போது பிறேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். பிறேக் எண்ணெய் கொதித்தால் மிதி உள்ளே போகும், வாகனம் நிற்காது. ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும். வாங்கும்போது குதிரை வலுவைக் கேட்கும் எவரும் பிறேக்கைக் கேட்பதில்லை. நான்கு சில்லு இழுவையும் கல் ரோட்டுக்கும் தோட்டத்து மண் பாதைக்கும்தான். தார் வீதியில் அது எண்ணெய்ச் செலவு.

மூன்றாவது இழுவை. தனக்கென்று பிறேக் இல்லாத ட்ரெயிலரை 750 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டாம் என்றுதான் பல வாகனங்களின் கைநூல்களில் இருக்கும். ட்ரெயிலரின் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொழுவியின் மேல் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் இறக்கத்தில் ட்ரெயிலர் பாம்பு போல ஆடும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் ட்ரெயிலர் இழுக்க இடம் தருகிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது கடதாசி. 2009 இல் எங்கள் உழவு இயந்திரத்தைப் புதுமாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம். பதிவுப் புத்தகம் இருந்த பையும் வழியில் போய்விட்டது. பிறகு அது எங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பெயர் மாற்றாமல் கையெழுத்து வைத்த பத்திரத்தோடு கைமாறும் வாகனத்தை விலை குறைவு என்று வாங்காதீர்கள். சோதனைச் சாவடியில் மறித்தாலும் விபத்து நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். லீசிங் முடியாத வாகனத்துக்கு முழுமையான உரிமையாளர் லீசிங் கம்பனி என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாகக் காசு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. தவணை இரண்டு மூன்று தவறினால் வாகனமும் போகும், ஈடு வைத்த காணியும் போகும்.

போன வாரம் அத்தான் கொப்பியோடு வந்தார். மூன்று மாதத்தில் 19 நாள் சுமை ஏற்றியிருக்கிறார். ஜெனரேட்டர் இழுத்தது 5 தடவை. ஒரு தொன் தாண்டியது ஒரே ஒரு நாள். லொறிக்குக் கொடுத்தது மொத்தம் 1,52,000 ரூபா. டபிள் கப்புக்கு அவரிடம் சொல்லப்பட்ட ஒரு மாதத் தவணையே ஏறக்குறைய அவ்வளவு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப லொறியையே பிடிப்பம்" என்றார். அடுத்த வருடம் வேலை கூடினால், கையிலுள்ள காசுக்கு ஒரு பழைய சிங்கிள் கப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். ஈடு வைக்கவென்று கொண்டுவந்த காணி உறுதியை அக்கா திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.