அட்டையில் விழுந்த சொட்டு

தோட்டமும் இயந்திரமும் – 9

சுங்கை காடுட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் பழைய லோரிகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் புட்டி கிடக்கும். அது ரேடியேட்டருக்கான தண்ணீர். “தண்ணி குறைஞ்சிருக்குண்ணே” என்று உதவியாளான கெலிண்டான் சொன்னால், “ஊத்திக்கிட்டுப் போலாம்” என்று பதில் வரும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்கும் செனவாங்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். தாமான் வீட்டு வாசலில் டீசல் பிக்கப் நிற்கிறது. அந்தப் புட்டியும் கூடவே வந்துவிட்டது.

ஊற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. எஞ்சினின் தண்ணீர்ச் சுற்று மூடிய சுற்று. வாரம் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தால், வாரம் ஒரு லிட்டர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. பல சமயம் மீதி ஒரு ரப்பர் ஹோஸும் ஒரு கிளிப்பும்தான்.

எங்கே போகிறது என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2018இல் அங்கே பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் சாலையில் ஓடும்போதே தீப்பற்றின. நிறுவனம் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. வில்லன், புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரில் இருந்த கசிவு. கசிந்த குளிர்விப்புத் திரவமான கூலண்ட் கரியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கலந்து படிந்தது. சூடான புகை பட்டதும் அந்தப் படிவு பற்றிக்கொண்டது. இப்படிப்பட்ட கசிவு தரையில் ஒரு சொட்டும் காட்டாது. கூலண்ட் டாங்கியில் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே வரும். அப்போது புட்டியைத் தூக்குகிறவர் தன் கையாலேயே எச்சரிக்கையை அழிக்கிறார்.

நல்லவேளையாக, வீட்டு வாசலில் காணும் கசிவுகளில் பெரும்பாலானவை தரையில்தான் விழும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் போதும். காலையில் ஈரம் எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று பார்க்கலாம். ஏர்கோண்டிலிருந்து விழும் தண்ணீருக்கு நிறமில்லை. கூலண்ட் பெரும்பாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும், தொட்டால் வழுவழுக்கும். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கசிவு இரும்பின் வழியே வழிந்து வந்திருக்கலாம். மேலே தேடிப் போனால் ஹோஸின் முனையிலோ வாட்டர் பம்பின் அடியிலோ வெள்ளையாக, இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புப்பொருக்கு தெரியும். அதுதான் பழைய கசிவின் தடம். செம்மண் சாலை வண்டிகளில் முதலில் சேற்றைக் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் எதுவும் கண்ணில் படாது.

இதையெல்லாம் எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று அச்சிட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிக்கு மேல் சென்றுதான் கொதிக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், உள்ளிருப்பது ஒரே நொடியில் கொதித்து ஆவியோடு முகத்தில் பாயும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தச் சேதியைச் சொல்வதற்காகவே தயாரிப்பாளர் வைத்த துளை அது. அதை எப்போக்சி வைத்து அடைத்த கைகளும் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பம்பை மாற்றுவது ஒன்றே வழி. ஹோஸ் முனையில் கசிந்தால் திருகு கிளிப்பை இன்னும் இன்னும் இறுக்குவது அடுத்த தவறு. கிளிப் ரப்பரை வெட்டும். முனை வெடித்திருந்தால் புது ஹோஸ்தான்.

இந்தியாவில் ஜீப், லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். தூள் ஊறிச் சென்று ஓட்டையை அடைக்கும். வீடு வந்து சேரலாம். ஆனால் மெல்லிய குழாய்களுக்கும் ஓட்டைக்கும் மஞ்சளுக்கு வித்தியாசம் தெரியாது. கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் அப்படித்தான். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது உதவி. வாசலில் வண்டி நிற்கும்போது அதைத் தொடக் கூடாது.

“பனி விழாத ஊரில் கூலண்ட் எதற்கு?” என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழும். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும்தான் நமக்குத் தேவை. பெரிய லோரி எஞ்சின்களில் இன்னொன்றும் உண்டு. டீசல் வெடிக்கும் ஒவ்வொரு அடியிலும் சிலிண்டர் லைனர் அதிரும். அதன் வெளிச்சுவரில் நுண்குமிழ்கள் உருவாகி உடைந்து, உடைந்து, இரும்பை அம்மைத் தழும்பு போலக் குழிக்கும். கடைசியில் துளை விழுந்து தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கும். பைப்புத் தண்ணீரில் இதைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை.

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. செலவைச் சுருக்க வீட்டிலேயே ஸ்பேனர் எடுப்பவர் கூடியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல மாறினாலோ வீட்டு வேலை அங்கே முடிகிறது. சூடேறினால் அலுமினிய ஹெட் இரும்பு பிளாக்கைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அவ்விரண்டின் நடுவே நசுங்கிய கேஸ்கட்டைப் பட்டறை பொர்மேன்தான் பார்க்க வேண்டும்.

வடித்த பழைய கூலண்டைக் கால்வாயில் ஊற்ற வேண்டாம். இனிக்கும் நஞ்சு அது. பூனையும் நாயும் நக்கும், குழந்தையும் தொடும். மூடியுள்ள புட்டியில் பிடித்துப் பட்டறையில் கொடுக்கலாம். புதியதை வடிநீரோடு பாதிக்குப் பாதி கலந்து, வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தி மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டால் சுமார் 82 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் சுடும், சிக்கிய காற்று வெளியேறும், அளவு சட்டென்று இறங்கும். அந்தக் குறைவை நிரப்பி மூடிய பிறகு டாங்கியின் வெளியே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. ஒரு வாரம், தினமும் காலையில் எஞ்சின் எழும் முன் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். அதுவரை அட்டையும் அடியிலேயே கிடக்கட்டும்.