கலியாண போட்டோகிராபர்: டெமோவைப் பார்த்து ஆளைப் பிடிக்காதேங்கோ



போன எபிசோட்டில பேக்கப் பற்றிக் கதைச்ச பிறகு கன பேர் எழுதியிருந்தீங்கள். சேர்வர் பற்றின கேள்விகளுக்கு நடுவில ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "அண்ணா, அடுத்த வருசம் கலியாணம். போட்டோகிராபரை எப்பிடித் தெரிவு செய்யிறது?"

இது டெக் பாட்காஸ்டுக்குப் பொருத்தமான கேள்விதான். சாப்பாடு, மணவறை, பூ, டிஜே எல்லாம் அண்டைக்கு இரவோட முடிஞ்சிடும். ஹோலை விட்டு வெளிக்கிடேக்க உங்களிட்ட மிஞ்சுறது கூறையும் தாலியும், பிறகு ஆரோ ஒருத்தற்ற கமெராவுக்குள்ள இருக்கிற கோப்புகளும்தான். அந்த நேரத்தில அந்தக் கோப்புகளுக்கு வேற பிரதி உலகத்தில எங்கேயும் இல்லை.

ஆனால் நாங்கள் ஆளைத் தெரிவு செய்யிறது எப்பிடி? இன்ஸ்டாகிராமைத் திறந்து, வடிவான படம் நாலைப் பார்த்து, விலையைக் கேட்டு, முற்பணம் அனுப்புறம். நான் ஒரு ஐடி கொன்ட்ராக்டர். மென்பொருள் விக்க வாறவை காட்டுற டெமோவில எதுவுமே உடையாது. திங்கட்கிழமை காலை எல்லாரும் ஒரே நேரத்தில லொகின் பண்ணேக்கதான் உண்மை தெரியும். இன்ஸ்டாகிராம் பக்கமும் டெமோதான்: நூறு கலியாணத்தில எடுத்த நூறு நல்ல படம். உங்களுக்கு வேணுமானது ஒரே கலியாணத்தில எடுத்த அறுநூறு நல்ல படம். அதனால, டெமோவில தெரியாத விசயங்களைத்தான் கேட்டுப் பார்க்க வேணும்.

முழுக் கலியாணம் ஒண்டைக் காட்டச் சொல்லுங்கோ

முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் ஒரு குடும்பத்துக்குக் குடுத்த முழு கேலரியைப் பார்க்கலாமோ?" அந்தக் குடும்பம் சம்மதிச்சால் காட்டுவினம். முடிஞ்சால் உங்கட கலியாணம் மாதிரியே ஒண்டைக் கேளுங்கோ. மாசி மாசத்தில ஸ்காபரோவில, யன்னல் இல்லாத ஹோலில கலியாணமெண்டால், கோடையில பூங்காவில எடுத்த படங்கள் உங்களுக்கு ஒண்டும் சொல்லாது.

கேலரி கிடைச்சதும் மாப்பிள்ளை பொம்பிளை தனிய நிக்கிற படங்களைத் தாண்டிப் போங்கோ. அதுகள் ஆறுதலா, நல்ல வெளிச்சத்தில எடுத்தவை. பார்க்க வேண்டியவை வேற: தாலி கட்டுற படம், முப்பது பேர் நிக்கிற குடும்பப் படம், டிஜே வெளிச்சத்தில ஆடுற படம், பின் மேசையில இருக்கிற அம்மம்மாக்கள். இந்த நாலும் தெளிவா இருந்தால் ஆள் நல்ல ஆள்.

ஹோல் வெளிச்சம் எண்ட சோதனை

எங்கட கலியாணங்கள் கமெராவுக்குக் கஷ்டமானவை. ஓமப் புகை, பின்னால ஊதா எல்ஈடி, மேல மஞ்சள் பல்ப், எதிரில வீடியோக்காரற்ற வெள்ளை லைட். ஒரே முகத்தில மூண்டு நிறம் விழும்.

பல மலிவான எல்ஈடி விளக்குகள் எங்கட கண்ணுக்குத் தெரியாமல் மின்னிக்கொண்டே இருக்கும். கனடாவில மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அதனால செக்கனுக்கு 120 தடவை. லண்டனில 50 ஹேர்ட்ஸ், 100 தடவை. மிரர்லெஸ் கமெராக்களில சத்தம் வராத எலெக்ட்ரொனிக் ஷட்டர் இருக்கு. அது பெரும்பாலும் சென்சரை வரி வரியாகத்தான் படிக்கும். அந்த நேரத்தில லைட் மின்னினால் படத்தில குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். அனுபவமுள்ள ஆளுக்கு இது தெரியும். ஹோலுக்குள்ள மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திடுவார். "எல்ஈடி லைட்டுக்கு என்ன செய்வீங்கள்?" எண்டு கேட்டுப் பாருங்கோ. பதில் சரியோ பிழையோ எண்டு தெரிய நீங்கள் நிபுணரா இருக்கத் தேவையில்லை. யோசிச்சு வச்சிருக்கிற ஆள் உடனே சொல்லுவார்.

அடுத்தது கூறை. கடுஞ்சிவப்புப் பட்டைக் கமெரா இலகுவாகத் தவறவிடும். சிவப்புச் சனல் நிரம்பி வழிஞ்சால் சேலையில நெசவு தெரியாது, சிவப்புப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும். கேலரியில சேலையைப் பெருசாக்கிப் பாருங்கோ. சரிகைக் கரையும் துணியின் மடிப்பும் தெரிய வேணும்.

உங்கட தோல் நிறத்தில படம் வருமோ?

ஃபிலிம் காலத்தில படம் கழுவுற இடங்களில நிறத்தைச் சரிபார்க்க "ஷேர்லி அட்டை" எண்டு ஒண்டு வச்சிருந்தவை. பல வருசமாக அதில இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி எண்டு எடுத்துக்கொண்டாங்கள். கறுத்த முகங்கள் அதில அடிபட்டுப் போச்சு. 2021 இல் கூகுள் பிக்சல் 6 ஃபோனோட "ரியல் டோன்" எண்டு கொண்டு வந்ததுக்கும் இந்தப் பழைய பிரச்சினைதான் காரணம்.

எங்கட ஆக்களிட்ட பிரச்சினை மற்றப் பக்கத்தாலயும் வரும். சில ஸ்டூடியோக்கள் கேக்காமலே பொம்பிளையின்ர முகத்தை ரெண்டு மூண்டு படி வெளுப்பாக்கிக் குடுக்கும். முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். கேலரி பார்க்கேக்க முகத்தையும் மருதாணிக் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. "எங்கட நிறத்தை மாத்த வேண்டாம்" எண்டு முதலே எழுத்தில சொல்லுங்கோ. பிள்ளைகள் ஒருநாள் இந்தப் படத்தில தங்கட அம்மாவைத் தேடுவினம். அம்மா அம்மா மாதிரி இருக்க வேணும்.

சடங்கின் ஒழுங்கு தெரியுமோ?

தாலி கட்டுறதுக்கு ரீடேக் இல்லை. ஐயர் கை காட்ட, கெட்டிமேளம் தொடங்க, எல்லாரும் எழும்பி அறுகரிசி போடுவினம். முன்வரிசை மாமாமார் ஐபாடைத் தூக்கிப் பிடிப்பினம். ஒரு சில செக்கன்தான். கெட்டிமேளம் கேட்ட பிறகு இடம் தேடுற ஆள் மாமாவின் முதுகைத்தான் எடுப்பார்.

அதுக்காகத் தமிழ் ஆள்தான் எடுக்க வேணும் எண்டில்லை. வேற இனத்து ஆளெண்டால், கன்னிகாதானம், கூறை குடுக்கிறது, தாலி, ஏழடி, அம்மி மிதிக்கிறது எண்டு ஒழுங்கை ஒரு பக்கத்தில எழுதி, ஒவ்வொண்டிலும் ஆர் எங்க நிப்பினம் எண்டும் குறிச்சுக் குடுங்கோ. அதை உங்கட ஐயரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ; ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் செய்வினம். சேர்ச்சில கலியாணமெண்டால் ஃபிளாஷ் பாவிக்கலாமோ, எதுவரைக்கும் கிட்டப் போகலாம் எண்டு பாதரிட்ட முதலே கேளுங்கோ. வீடியோக்காரர் வேற ஆளெண்டால் ரெண்டு பேரையும் ஒரு தரமாவது ஃபோனில கதைக்க விடுங்கோ. மணவறைக்கு முன்னால ஆர் எந்தப் பக்கம் எண்டு அவை பேசி முடிச்சால் உங்களுக்கு நிம்மதி.

வரப்போறது ஆர்?

என்ர சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி ஒரு ஸ்டூடியோவின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுப் புக் பண்ணினா. கலியாணத்தண்டு வந்தது அவ ஒருநாளும் காணாத ஒரு பெடியன். நல்ல பிள்ளைதான், ஆனால் அந்தப் படங்களை எடுத்த ஆள் அண்டைக்கு வேற ஊரில வேற கலியாணத்தில. கொன்ட்ராக்டைப் பார்த்தால் "எங்கள் குழு" எண்டுதான் இருந்தது. ஆற்ற பேரும் இல்லை.

ஐடியில இது எங்களுக்குப் புதுசில்லை. இன்டர்வியூவுக்கு சீனியர் வருவார், வேலைக்கு ஜூனியர் வருவார். அதனால எடுக்கிற ஆளின் பேரைக் கொன்ட்ராக்டில போடச் சொல்லுங்கோ. அவருக்கு வருத்தம் வந்தால் ஆர் வருவினம், அந்த ஆளின் வேலையையும் இப்பவே பார்க்கலாமோ எண்டும் கேளுங்கோ.

கோப்புகள் எங்க தூங்கும்?

24 மெகாபிக்சல் கமெராவில ஒரு ரா கோப்பு சுமார் 25 முதல் 30 எம்பி. ஒரு நாளில 4,000 தடவை கிளிக் பண்ணினால் 100 ஜிபிக்கு மேல. இது முழுக்க நகத்தளவு கார்டுகளில இருக்கும்.

கார்டு பழுதாகும். அதுக்குத்தான் ரெண்டு கார்டு போடுற கமெரா. ஒரே படத்தை ரெண்டிலும் ஒரே நேரத்தில எழுதும். 2018 இல் நிக்கோன் இசட் 6, இசட் 7 கமெராக்கள் ஒரு கார்டோட வந்தபோது கலியாணப் படம் எடுக்கிற ஆக்கள் பெரிய சத்தம் போட்டினம். 2020 இல் வந்த அடுத்த பதிப்பில ரெண்டு இருந்தது.

அண்டைக்கு இரவு வீட்டுக்குப் போய் என்ன செய்வார் எண்டும் கேளுங்கோ. 3-2-1 விதி உங்களுக்குத் தெரியும்: மூண்டு பிரதி, ரெண்டு வகைச் சேமிப்பு, ஒண்டு வேற இடத்தில. இதை ஐடி ஆக்களின்ர விதி எண்டு நினைக்கிறம். பரவலாக்கினது பீட்டர் குரோக் எண்ட போட்டோகிராபர். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு போட்டோகிராபர் முழிச்சால், அடுத்த ஆளைப் பாருங்கோ.

கேலரி லிங்க் எப்ப காலாவதியாகும், அதுக்குப் பிறகு மூலக் கோப்புகளை எத்தனை மாசம் வச்சிருப்பினம், முழு அளவுப் படங்களை டவுன்லோட் பண்ண முடியுமோ எண்டதும் எழுத்தில வேணும்.

படம் ஆருக்குச் சொந்தம்?

காசு குடுத்தது நீங்கள், ஆனால் பதிப்புரிமை நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில 2012 நவம்பர் வரைக்கும், காசு குடுத்து எடுக்கச் சொன்ன ஆள்தான் முதல் உரிமையாளர். சட்டம் மாறின பிறகு உரிமை எடுத்தவருக்கு. உங்கட சொந்தத் தேவைக்குப் பாவிக்க அனுமதி இருக்கு, ஆனால் கொன்ட்ராக்ட் அதை மாத்தலாம். பிரிட்டனிலும் உரிமை எடுத்தவருக்குத்தான். ஆனால் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85 ஆம் பிரிவின்படி, வீட்டுத் தேவைக்கு எடுப்பிச்ச படத்தை உங்கட சம்மதமில்லாமல் அவர் வெளியிட முடியாது. ஆஸ்திரேலியாவில வீட்டுத் தேவைக்குக் காசு குடுத்து எடுப்பிச்ச படம், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டில், எடுப்பிச்ச ஆளுக்கே சொந்தம்.

எந்த நாடெண்டாலும் கையெழுத்துக்கு முதல் கவனமா வாசிக்க வேண்டிய வரி, "விளம்பரத்துக்குப் பாவிக்கலாம்" எண்ட வரி. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் வெட்டச் சொல்லலாம். செல்ஃபி போட்டால் உங்கட படங்களை மட்டும் தேடித் தாற கேலரிகள் இப்ப வருது. அது விருந்தினர் எல்லாரின்ர முகத்தையும், சின்னப் பிள்ளைகளின்ர முகத்தையும் அளந்து வைக்கிற வேலை. வேணுமோ எண்டு நீங்கள் தீர்மானியுங்கோ.

விலை ஏன் அப்பிடி?

4,000 படத்தில ஒண்டைப் பார்த்து வைக்கவோ கழிக்கவோ 5 செக்கன் எடுத்தால் ஐந்தரை மணித்தியாலம். அதில 600 ஐத் தெரிஞ்சு, ஒண்டுக்கு ஒரு நிமிசம் திருத்தினால் இன்னும் 10 மணித்தியாலம். கலியாணத்தண்டு நிக்கிற 12 மணித்தியாலம் தனி. இந்தக் கணக்கை மனசில வச்சுக்கொண்டு விலை பேசுங்கோ. மிச்சம் மலிவாக இருந்தால், இதில எந்தப் படி இல்லாமல் போகுது எண்டு கேளுங்கோ.

பத்துப் பேர் பட்டியல்

எங்கட அம்மா அப்பாக்களின்ர கலியாணப் படங்கள் பல வீடுகளில இல்லை. 1983 இல் கொழும்பில எரிஞ்ச வீடுகளோடயும், 1995 ஒக்டோபரில யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில வெளிக்கிட்டபோதும் ஆல்பங்கள் போச்சு. மிஞ்சினது மாமி ஒருத்தி லண்டனில வச்சிருந்த ஒரு பிரதியாக இருக்கும். வேற இடத்தில ஒரு பிரதி எண்ட விதி எங்கட சனத்துக்கு அப்பிடித்தான் தெரிய வந்தது.

அதனால இந்த வார இறுதியில அம்மாவோட இருந்து ஒரு பட்டியல் எழுதுங்கோ: கட்டாயம் படத்தில வர வேண்டிய பத்துப் பேர். சக்கர நாற்காலியில வாற அப்பப்பா, ஊரிலிருந்து விசா எடுத்து வாற பெரியம்மா. அவை மேடைக்கு ஏற மாட்டினம், கமெராவைக் கண்டால் விலகுவினம். பட்டியலைப் போட்டோகிராபரிட்ட குடுத்து, அவையைத் தெரிஞ்ச ஒரு மச்சானையோ மச்சாளையோ அவரோட கூட விடுங்கோ. சடங்கு தொடங்க முதல், ஆக்கள் களைக்க முதல், மேசைக்கே போய் எடுக்கட்டும்.

அப்பிடியே கொப்பி பண்ணி அனுப்ப:

1. முழுக் கலியாண கேலரி ஒண்டு, இருட்டு ஹோலில எடுத்தது, பார்க்கலாமா?
2. எங்கள் கலியாணத்துக்கு வரப்போகிறவர் யார்? அவர் வர முடியாவிட்டால் யார்?
3. கமெரா ஒரே நேரத்தில இரண்டு கார்டில எழுதுமா? அன்றிரவு எத்தனை பிரதி இருக்கும்?
4. தோல் நிறத்தை மாற்றாமல் தருவீர்களா?
5. எத்தனை படம், எந்தத் திகதிக்குள், கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?
6. எங்கள் அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்குப் பாவிக்க மாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா?

படங்கள் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கு. அண்டைக்கே ரெண்டு இடத்தில இறக்கி, அங்கொண்டு இங்கொண்டாகப் பத்துப் படத்தைத் திறந்து பாருங்கோ. ஒரு ஹார்ட் டிரைவை அம்மா வீட்டு அலுமாரியில வையுங்கோ. வாட்ஸ்அப்பில மாமிமாருக்கு அனுப்பினது சுருங்கின படம். அது பேக்கப் இல்லை.

கலியாணம் பேசியிருக்கிற எல்லாருக்கும் வாழ்த்துகள். பதில்களை எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம்.