மேலே பொம்மை வைக்க முடியாத டிவி

1980-களில் டிவி வாங்கிய வீடுகளில் அந்தப் பெட்டியின் உச்சி காலியாக இருந்து பார்த்ததில்லை. பின்னல் விரிப்பு ஒன்று, அதன்மேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா, இடமிருந்தால் கல்யாணப் படம். பிக்சர் டியூப் பின்பக்கமாக ஒரு முழம் நீண்டதால் பெட்டிக்கு ஆழம் வேண்டியிருந்தது. ஆழம் இருந்ததால் மேலே இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததால் பொம்மை வந்தது. இன்றைய 55 அங்குல டிவியின் மேல்விளிம்பில் ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டைக்கூட நிறுத்த முடியாது. பொம்மை போகட்டும். டிவியை எதனிடமிருந்து காப்பாற்றுவது என்ற கணக்கே அதோடு சேர்ந்து மாறிப்போயிருக்கிறது. அன்று ஆபத்து மொட்டைமாடியிலிருந்தும் மின்கம்பத்திலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது. இன்று அதில் பெரும்பகுதி ஹாலுக்குள்ளேயே குடியிருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வண்ணம் வந்தது 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. அப்போது ‘பெரிய டிவி’ என்றால் 20 அங்குலம். இன்றைய 55 அங்குலத் திரையின் பரப்பில் அப்படிப்பட்ட ஆறு டிவிகளை அடுக்கிய பிறகும் இடம் மிஞ்சும். சாலிடேர், டயனோரா எல்லாம் சென்னைச் சரக்கு. கெல்ட்ரான் கேரள அரசு நிறுவனத்தினுடையது. கொம்பு முளைத்த பிசாசை விளம்பரத்தில் காட்டியே ஒனிடா பெயர் வாங்கியது. பெரும்பாலானவை மரப்பெட்டியில் வந்தன, இருபுறமும் இழுத்து மூடும் ஷட்டரோடு, ஷட்டருக்குப் பூட்டோடு. சாவி அம்மாவின் கொத்தில் இருக்கும். பரீட்சை நேரத்தில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை.

அந்தப் பூட்டு திருடனுக்காகப் போட்டதில்லை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் என்று தெருவே வந்து பாயில் உட்காரும் வீட்டில், மற்ற நாள்களில் யாரும் குமிழைத் திருகிப் பார்க்காமல் இருக்கத்தான். ரேடியோவுக்குப் போலவே டிவிக்கும் தபால் அலுவலகத்தில் உரிமம் எடுத்து ஆண்டுதோறும் பணம் கட்டும் வழக்கமும் இருந்தது. 1980-களில் அது ஒழிந்தது. ஒழிந்ததற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

டிவி வைப்பது என்றால் அன்று பாதி வேலை கூரைமேல். அலுமினியக் குழாயில் ஆன்டெனாவை ஏற்றி, தட்டையான ரிப்பன் ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி, ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து கத்துவார். தென்மாவட்டங்களில் அதை ஒளிபரப்பு வரும் கொடைக்கானல் பக்கம் பார்த்து நிறுத்துவார்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் கம்பம் இன்னும் உயரம். 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க அந்த உயரமும் ஒரு பூஸ்டரும் வேண்டியிருந்தது. ஐப்பசியில் புயல் வரும் என்று வானொலி சொன்னால் முதலில் இறக்குவது அந்தக் கம்பத்தைத்தான். இடிமுழக்கம் கேட்டாலே ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அடுத்தது மின்சாரம். சாயங்காலம் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் கிராமத்தில் வோல்டேஜ் இறங்கும். படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவில் நிற்கும். அதற்குத்தான் ஸ்டெபிலைசர். டக், டக் என்று ரிலே மாறும் சத்தம் கதையின் ஊடே கேட்டுக்கொண்டே இருக்கும். ஊசி காட்டும் மீட்டர் இருந்தால் அதைப் பார்க்கவும் ஒருவர் இருப்பார்.

ஆனால் பெட்டி கெட்டிப் பெட்டி. திரைக் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையாது. ரப்பர் பந்து பட்டால் பந்துதான் திரும்பி வரும். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். திரை தூசியை இழுத்து ஒட்டிக்கொள்வதும், கையை அருகில் கொண்டுபோனால் ரோமம் சிலிர்ப்பதும், பின்னாலிருக்கும் சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி எப்போதாவது ‘பட்’டென்று உயிரை விடுவதும் அதனால்தான். துடைக்க ஈரத்துணி போதும். நனைத்த செய்தித்தாளும் போதும். கறுப்பு வெள்ளைத் திரைமேல் மேலே நீலம் கீழே பச்சை என்று வண்ணத் தாளை ஒட்டி, கதாநாயகியின் நெற்றி நீலமாகத் தெரிவதைக் கலர் டிவி என்று சமாதானப்பட்ட வீடுகளும் உண்டு. அதையும் திரை பொறுத்துக்கொண்டது. அது பொறுக்காதது காந்தம் ஒன்றைத்தான். கலர் டிவிக்கு அருகே பையன் காந்தத்தைக் கொண்டுபோனால் திரையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டு விழும்.

இடையில் வந்த காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு பரவிய கேபிள், 1993 ஏப்ரல் 14-இல் வந்த சன் டிவி, 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. இவை மூன்றும் சேர்ந்து டிவியைச் சாதாரணப் பொருளாக்கின. பூட்டு போனது, பாய் போனது, ஆன்டெனா கொடிக்கம்பமானது.

இப்போதைய பெரிய டிவிக்கு வருவோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 43 வாங்க நினைத்தவர் 55-ஐப் பார்க்க அதுவும் ஒரு சாக்கு. அந்த டிவியின் முகம் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், நடுவில் திரவப்படிகம். இரண்டு அப்பளத்தை ஒட்டி ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு நிறுத்தியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவியைத் தூக்கும்போது கனம் முன்பக்கம் இருந்ததால் திரையை மார்போடு அணைத்துத் தூக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் இதைத் தூக்கினால் மார்பு அழுத்திய இடத்திலேயே விரிசல் விடும். இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம், அடிவிளிம்பைப் பிடித்து, நின்ற நிலையிலேயே. டெம்போவில் கொண்டுவரும்போதும் படுக்கப் போடக்கூடாது.

டெலிவரிக்கு வந்தவர் இருக்கும்போதே பெட்டியைப் பிரித்து, பிளக்கில் செருகி, வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று போட்டுப் பார்த்துவிட வேண்டும். அணைந்த திரையில் நகக்கீறல் அளவு விரிசல் தெரியாது. விளக்கு வந்தால்தான் மை சிந்தியதுபோல் பரவித் தெரியும். உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது. புதுப் பேனலின் விலையைக் கேட்டால் புது டிவியே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

பிறகு சுவர். மரப்பெட்டி காலத்தில் சுவருக்கு டிவியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்று பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ கனமுள்ள ஒன்றை நான்கு திருகாணிகள் ஏந்த வேண்டும். பழைய செங்கல் சுவர் என்றால் கவலையில்லை. அடுக்குமாடிகளில் இப்போது ஹாலோ பிளாக்கும் எடை குறைந்த கான்கிரீட் கட்டிகளும்தான். மவுண்ட்டோடு வரும் பிளாஸ்டிக் கட்டை அதில் பிடிப்பில்லாமல் சுழலும். அதற்கென்று நீளமான கட்டைகள் ஹார்டுவேர் கடையில் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடவே கூடாது, ஒயர் அந்தக் கோட்டில்தான் ஏறும். சுவரின் மறுபக்கம் குளியலறையா என்றும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். ஈரம் ஊறும் சுவர் டிவிக்கு ஆகாது.

உயரம் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சோபாவில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும், அதாவது தரையிலிருந்து மூன்றரை அடி. நம் வீடுகளில் அதை ஆறடியில் மாட்டுகிறோம், சாமி படம் மாட்டும் உயரத்தில். காரணம் கேட்டால் பேரனின் கைக்கு எட்டக்கூடாது என்பார்கள். நியாயம்தான், ஆனால் பேரன் இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவான், தாத்தாவின் கழுத்து அப்படியேதான் அண்ணாந்திருக்கும். ஸ்டாண்டில் வைப்பவர்கள் டிவியின் பின்பக்கத்தை ஒரு பட்டையால் சுவரோடு கட்டிவிட்டால் குழந்தை பிடித்து இழுத்தாலும் சாயாது.

துடைப்பதில்தான் பழைய கை அதிகம் தவறுகிறது. கண்ணாடி துடைக்கும் நீல திரவம் திரையின் மேற்பூச்சை அரித்துவிடும். நேராகத் தண்ணீர் தெளித்தால் அது வழிந்து அடிவிளிம்புக்குள் போகும். சாதாரணமாகத் திரைக்குக் கட்டளை கொண்டுபோகும் மெல்லிய பட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. மறுநாள் செங்குத்தாக ஒரு கோடு விழும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, தேவையென்றால் துணியில் மட்டும் கொஞ்சம் ஈரம், அவ்வளவே. ஆயுத பூஜையன்று திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று ஈரத்துணியால் ஒரு இழுப்பில் போய்விடும். இன்று விளிம்பே இல்லாத டிவியில் அது நேராகத் திரைமேல் விழுகிறது. பொட்டை ஸ்டாண்டின் காலுக்கு வைத்தால் சரஸ்வதி கோபிக்க மாட்டாள்.

மின்சாரக் கதையும் திரும்பியிருக்கிறது. டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால், பல டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும் என்று போட்டிருக்கும். ஆக, குறைந்த வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வாங்குவது வீண். பயப்பட வேண்டியது கூடுதல் வோல்டேஜுக்கு. தெருவில் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. மழைக்காற்றில் அந்த நியூட்ரல் அறுந்தால், ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டும் வீடுகளுக்குள் ஏறுமாறாகப் பங்கு பிரியும். குறைவாக மின்சாரம் எடுக்கும் வீட்டில்தான் அதிகம் ஏறும். ஃபேன் வேகமாகச் சுற்றி, பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு எல்லாம் அடங்கும். ஸ்டெபிலைசர் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் தானாகத் துண்டித்துக்கொள்ளும் வகை வேண்டும். ஸ்பைக் பஸ்டர் நல்லதுதான், ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அதன் வேலை பாதியாகிவிடும். இடி நேரத்தில் பழைய பாடம் இன்னும் செல்லும்: சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் டிஷ் கேபிளையும் உருவ வேண்டும். இணையத்துக்கு வரும் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வரும்.

ஆனால் தினமும் இரவில் மெயினை அணைக்கும் நம் ஒழுக்கம் ஓஎல்இடி டிவிக்கு ஒத்துவராது. பார்த்து முடித்து ரிமோட்டில் அணைத்தபின் அது தானாகவே சற்றுநேரம் திரையின் புள்ளிகளைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். செய்திச் சேனலின் சின்னம் ஒரே மூலையில் நாள் முழுக்க நின்றால் அந்தச் சுவடு திரையில் தங்கிவிடும் அபாயமும் இந்த வகைக்கு உண்டு. நாளெல்லாம் செய்தி ஓடும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மற்ற வகைகளில் கடையில் வைத்த ‘விவிட்’ வெளிச்சத்தை அப்படியே விடாமல் இறக்கி வைத்தால் பின்விளக்குப் பட்டைகள் கூடுதல் காலம் உழைக்கும். கண்ணுக்கும் இதம். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் கையோடு அணைத்துவிட்டால் சினிமா சீரியல் மாதிரித் தெரியாது.

இன்னொரு பாதுகாப்பு, டிவியிடமிருந்து நமக்கு. அன்று டிவி இருக்கிறதா என்று மட்டும் அரசு கேட்டது. இன்று என்ன பார்க்கிறோம் என்பதை டிவியே அனுப்புகிறது. திரையில் ஓடுவதைத் துண்டு துண்டாக அடையாளம் கண்டு தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. 1.1 கோடி டிவிகளிலிருந்து சம்மதமில்லாமல் இப்படித் தகவல் சேகரித்த வழக்கில் அமெரிக்காவின் விஸியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. முதல்முறை இயக்கும்போது வரிசையாக வரும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டங்களில் எது கட்டாயம், எது இல்லை என்று படிப்பவர் குறைவு. பொருத்த வந்த பையன் நமக்காக எல்லாவற்றையும் அழுத்திவிட்டுப் போயிருப்பான். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் அதை அணைக்கலாம்.

பழுதாகும் விதமும் வேறு. பிக்சர் டியூப் வயசாகி மங்கினால் மெக்கானிக் பையோடு வீட்டுக்கு வருவார், பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாக டியூபில் தேங்கிய மின்சாரத்தை இறக்குவார், டியூபுக்குக் கொஞ்சம் தெம்பு ஏற்றி இன்னும் இரண்டு தீபாவளி ஓட்டிவிடுவார். இன்று திரை நன்றாக இருக்கும்போதே உள்ளிருக்கும் மென்பொருள் கிழடாகிறது, செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. வெளியே செருகும் ஸ்டிக் ஒன்றை வாங்கினால் சமாளிக்கலாம். பின்விளக்குப் பட்டை எரிந்தால் அந்தப் பட்டையின் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற வேண்டுமானால் அந்த அப்பளக் கண்ணாடியை முழுசாகக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். அதனால்தான் இன்றைய மெக்கானிக், ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்பே, பேனல் உடைந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லி நம் முகத்தைப் பார்க்கிறார்.