தூரத்துக்கேற்ற வலிமை

விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால், ஓடத் தெரிந்த பிள்ளைகள் அனைவரையும் ஒன்றுசேர்த்து, மூச்சு வாங்கும்வரை திடலைச் சுற்றி ஓடவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். நூறு மீட்டர் ஓடுபவனுக்கும் நானூறு மீட்டர் ஓடுபவளுக்கும் ஒரே பயிற்சி தகுமா? பெக்கான் நானாஸ் போன்ற ஊர்களின் தோட்டப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதைப் பார்ப்போம்.

100 மீட்டரில் முதல் தேவை, நின்ற நிலையிலிருந்து உடலை உந்தித் தள்ளும் வலிமை. தசையில் சேமித்திருக்கும் உடனடிச் சக்தி சில விநாடிகளே தாங்கும். ஆகவே பயிற்சியும் குறைவாக, வேகமாக இருக்கட்டும். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், சிறு மேட்டில் இருபது மீட்டர் ஏறி ஓடுதல் ஆகியவற்றை ஐந்தாறு முறை செய்தால் போதும். இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும். களைத்த கால் வேகத்தைக் கற்காது.

200 மீட்டரில் வளைவு குறுக்கிடுகிறது. உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும்போது கணுக்காலும் இடுப்பும் வயிற்றுத் தசையும் உறுதியாக நிற்கவேண்டும். ஒற்றைக்காலில் தத்துதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல் இதற்கு உதவும். பின்தொடைத் தசையும் வலுப்பெறும்.

400 மீட்டர் வேறு கதை. பிராணவாயு தேவைக்குப் போதாமல், தசையில் அமிலத்தன்மை கூடுகிறது. கடைசி நூறு மீட்டரில் கால் கனக்கிறது. இங்கே வேண்டியது தாங்கும் வலிமை. உட்கார்ந்து எழுதல், தண்டால், படியேறுதல் ஆகியவற்றை முப்பது விநாடி வீதம், சிறிது ஓய்வுடன், இரண்டு மூன்று சுற்று செய்யலாம்.

நம் நாட்டு வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர். அவரே 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. ஆகவே, புறப்பாட்டில் பின்தங்கும் பிள்ளையை ‘ஓடத் தெரியாதவன்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவனுக்குரிய தூரம் வேறாக இருக்கலாம்.

இளம் பிள்ளைகளுக்குச் சொந்த உடல் எடையே போதுமான பாரம். முதலில் உடலை வெதுப்பிக்கொண்டு, வாரம் இருமுறை, இடையில் ஒரு நாளாவது விட்டுச் செய்யட்டும். வலி என்றால் நிறுத்திவிடுங்கள். வெற்றி அடுத்த ஆண்டும் வரும். கெட்ட முழங்கால் எளிதில் திரும்பாது.